மதம் கேட்ட பக்கத்தில் நின்ற போன்

மர்பி டவுனில் ஹெர்பர்ட்டின் ரிப்பேர் கடைக்குக் கம்ப்யூட்டரோடு வருகிற யாரும் அவருடைய கருத்தைக் காதில் வாங்காமல் திரும்பிப் போக முடியாது. பத்தடிக்கு எட்டடிக் கடை. சுவர் முழுக்க மதர்போர்டுகள், மேசைமேல் குடல் சரிந்த லேப்டாப்புகள். நடுவில் ஐம்பத்திரண்டு வயது ஹெர்பர்ட், நெற்றியில் லென்ஸ், கையில் ஸ்க்ரூடிரைவர்.

"உன் மெஷின் நல்லாத்தாம்மா இருக்கு. பழைய விண்டோஸுக்கு இனிமே அப்டேட் இல்லன்னுட்டான். புதுசு போடலாம்னா உன் மெஷின் கிழவியாம், ஏத்துக்க மாட்டானாம். ஓடுற மாட்டை நிறுத்தி வச்சு வயசு கேக்கறான். இது ரிப்பேரா, அராஜகமா?"

 வந்த பெண்ணின் பதிலை அவர் எதிர்பார்க்க மாட்டார். அடுத்த மூச்சில் அரசியலுக்குப் போய்விடுவார். அப்டேட் என்பது ஆட்சி மாறுவது மாதிரி, ஐகான் கலர் மாறும், ஹேங் ஆவது மட்டும் மாறாது. ஊரை ஆள்கிற மாநகராட்சியை அஞ்சாகப் பிரித்தபோது ஒரு வாரம் அதையேதான் பேசினார். "டிஸ்க்குல பேட் செக்டார் இருக்கு, அங்கங்க கெட்டுப்போச்சு. அதை அஞ்சு பார்ட்டிஷன் போட்டா டிஸ்க் புதுசாயிடுமா? அஞ்சு டிரைவ்லயும் குப்பைதானே இருக்கும்?"

எல்லாவற்றுக்கும் கருத்து வைத்திருந்த மனிதருக்கு இந்த ஒரு வாரமாக ஒரே ஒரு விஷயத்தில் கருத்து வரவில்லை. வீட்டுக்கு வீடு சர்க்கார் கணக்கெடுப்பு நடந்துகொண்டிருந்தது. பள்ளிக்கூட டீச்சர்கள் போனில் ஒரு ஆப்பை வைத்துக்கொண்டு, பெயர், மதம், சாதி என்று வரிசையாகக் கேட்டுப் பதிந்தார்கள். அவருடைய தெருவுக்கும் வந்துவிட்டார்கள்.

அவருக்கு இரண்டு பெயர். கோயிலில், அதாவது சர்ச்சில், ஹெர்பர்ட். காகிதத்தில் சந்திரன். அப்பா கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்கினவர். மகனைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது, "இந்தப் பேரை எழுதினா பையனுக்கு உதவித்தொகை வராது, வேற பேர் சொல்லுப்பா" என்றாராம் எட்மாஸ்டர். அப்பா முதலில் வாயில் வந்த பெயரைச் சொன்னார். இந்து, ஆதி திராவிடர் என்று எழுதிக்கொண்டார்கள். ஞானஸ்நானம் வாங்கியதால் அப்பாவின் முதுகில் ஏறிய மூட்டை ஒன்றும் குறையவில்லை. சேரியில் இருந்தவரைச் சேரிக்காரர் என்றுதான் ஊர் கூப்பிட்டது. ஆனால் கிறிஸ்தவன் என்று எழுதினால் பட்டியல் சாதி கிடையாது என்பது சட்டம். ஆகவே சந்திரன் படித்தார், ஹெர்பர்ட் ஜெபித்தார். அந்தத் தெருவில் இன்னும் சிலர் வீட்டிலும் இப்படித்தான். வேலைக்கு ஒரு சட்டை, ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு சட்டை. இரண்டையும் ஒரே நேரத்தில் போட்டுக் காட்டச் சொல்லி இதுவரை யாரும் கேட்டதில்லை.

அவர் மகள் லீனாவுக்கும் அப்படியே. காகிதத்தில் அவள் தீபிகா. சர்க்கார் ஆபீஸ் ஒன்றில் கிளார்க் வேலைக்குப் பரீட்சை எழுதித் தேறியிருந்தாள். சாதிச் சான்றிதழைச் சரிபார்க்கிற ஃபைல் இரண்டு மாதமாகத் தாலுகா ஆபீஸில் கிடந்தது. அது கையெழுத்தாகி வந்தால் வேலை. வராவிட்டால் மறுபடியும் மால் ஒன்றின் பில் கவுண்டரில் பத்து மணி நேரம் நிற்க வேண்டும்.

கணக்கெடுப்பில் என்ன சொல்வது? ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர், மதம் என்கிற இடத்தில் தைரியமாகக் கிறிஸ்தவர் என்று சொல்லுங்கள் என்றார். திங்கட்கிழமை சாதிச் சங்கத்து நோட்டீஸ், இந்து ஆதி திராவிடர் என்று மட்டும் சொல்லுங்கள் என்றது. செவ்வாய்க்கிழமை வாட்ஸ்அப்பில் வந்த ஒன்று, எதுவுமே சொல்லாதீர்கள், அது உங்கள் உரிமை என்றது. மூன்றையும் படித்த ஹெர்பர்ட்டுக்கு மூன்றும் சரியாகவே பட்டன. அதுதான் தலைவலி.

புதன்கிழமை மத்தியானம் கணக்கெடுக்கிற ஸ்வர்ணா டீச்சர் கடைக்குள் வந்தார். கழுத்தில் அடையாள அட்டை, தோளில் தொங்கும் பை, முகமெல்லாம் வேர்வை. கன்னடக்காரர். பக்கத்துப் பள்ளியில் பதினெட்டு வருஷமாகத் தமிழ்ப் பிள்ளைகளோடு மல்லுக்கட்டுவதால் தமிழும் வரும்.

"அண்ணா, நிம்ம மனே, உங்க வீட்டுலிருந்துதான் வரேன். உங்க வைஃப் பவுலின் மேடம் எல்லாம் சொன்னாங்க. மதம், சாதி மட்டும் அவரைக் கேளுங்கன்னு இங்க அனுப்பிட்டாங்க. ஆனா போன் ஹுச்சு பிடிச்சிருக்கு அண்ணா, பைத்தியம்! நான் தொடல, அதுவே தொடுது."

மேசைமேல் வைத்தார். திரை தானாகத் துள்ளியது. யாரோ கண்ணுக்குத் தெரியாத ஆள் விரலால் கோலம் போடுவது மாதிரி ஒரு பக்கம் மேலே போனது, கீழே வந்தது. ஹெர்பர்ட் போனைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தார். பின்மூடி தோசை மாதிரி உப்பியிருந்தது.

"பேட்டரி உப்பிடுச்சு மிஸ். உள்ள இருந்து டிஸ்ப்ளேவை முட்டுது. வெயில்ல நாள் முழுக்க ஆப்பை ஓட்டினா பாவம் அது என்ன செய்யும்? உங்களை மாதிரிதான் அதுவும்."

"எனக்கு உப்பினா லீவ் கொடுப்பாங்களா?" என்றார் டீச்சர். "இன்னைக்குள்ள இன்னும் ஒன்பது வீடு. முடிக்கலன்னா நோட்டீஸ் அனுப்புவாங்க. ஸ்வல்ப பேக மாடி அண்ணா." சீக்கிரம் செய்யச் சொல்லிவிட்டு, பையிலிருந்து வேறொரு சின்னப் போனை எடுத்து, வாசல் ஸ்டூலில் உட்கார்ந்து மேலதிகாரியிடம் சமாதானம் பேச ஆரம்பித்தார்.

கடைக்குள் எரிக் இருந்தான். பவுலினின் தம்பி. ஆட்டோ ஓட்டுகிறவன், மத்தியானச் சவாரி இல்லாத நேரத்தில் மாமாவின் கடையில் வந்து கால் நீட்டுவான். சர்ச் கமிட்டியிலும் இருந்தான்.

"மாமா, ரொம்ப யோசிக்காதே. கிறிஸ்டியன்னு அடி, வேலை முடிஞ்சுது."

"உன் வேலை முடிஞ்சுதுடா மச்சான். லீனா வேலை?"

"கர்த்தர் பாத்துக்குவார்."

"கர்த்தருக்குத் தாலுகா ஆபீஸ்ல யாரைத் தெரியும்?"

எரிக் சிரித்துவிட்டான். பிறகு சிரித்தது தப்பென்று நினைத்து வாயைத் துடைத்துக்கொண்டான்.

ஹெர்பர்ட் போனைத் திருப்பினார். எந்த மெஷினைத் திறந்தாலும் முதலில் கரண்டை நிறுத்து என்பது அவருடைய சட்டம். இருபத்தாறு வருஷத்தில் அதை ஒருமுறைகூட மீறியதில்லை. இன்றைக்குப் பவர் பட்டனில் வைத்த கட்டை விரல் அழுத்தாமல் நின்றது. திரையில் இருந்தது அவருடைய வீட்டுப் படிவம். மதம் என்கிற பக்கம். கீழே வரிசையாகப் பெயர்கள், பக்கத்தில் வெள்ளை வட்டங்கள். உப்பின பேட்டரியின் விரல் அந்த வட்டங்களுக்கு மேலே அலைந்துகொண்டிருந்தது.

அதுவே தொடட்டுமே என்று தோன்றியது அவருக்கு. இந்து என்று தொட்டால் லீனா பிழைத்தாள். கிறிஸ்தவர் என்று தொட்டால் பாஸ்டரின் முகத்தைப் பார்க்கலாம். எதைத் தொட்டாலும் தொட்டது நான் இல்லை.

ஹீட் கன்னை எடுத்துப் பின்மூடியின் ஓரத்தில் மெதுவாகக் காட்டினார். பசை இளகுவதற்காக என்று பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். சூடு ஏறினால் பேட்டரி இன்னும் முட்டும் என்பது அவருக்குத் தெரியும். கண் மட்டும் திரையில் இருந்தது.

"என்ன மாமா, ஆஃப் பண்ணாம சூடு காட்டற?"

"சும்மா இருடா."

விரல் மேலே போனது. இந்துவுக்குப் பக்கத்தில் நின்றது. ஹெர்பர்ட் மூச்சை நிறுத்தினார். அது கிறிஸ்தவருக்குத் தாவியது. எரிக் எழுந்து நின்றான். அங்கிருந்து வழுக்கி இரண்டு வரி கீழே விழுந்து ஒரு வட்டத்தைக் கறுப்பாக்கியது.

"ஜைனா?" எரிக் குனிந்து பார்த்தான். "மாமா, நாம ஜைனாயிட்டோம்! இனிமே வெங்காயம்கூட கிடையாது. அக்கா நேத்து வச்ச மீன் கொழம்பு அவ்வளவுதான்."

சிரித்து முடிப்பதற்குள் அடுத்த பக்கம் வந்தது. சாதிப் பட்டியல் கிடுகிடுவென்று ஓடியது, எதிலோ குத்தியது. படிப்பதற்குள் அதுவும் போய்விட்டது. படிப்பு, தொழில், நிலம், ஆடு மாடு என்று பக்கங்கள் ஓடின. கடைசியில் ஒரு வெற்றுக் கட்டம் வந்து நின்றது. மேசைமேல் இருந்த ஹெர்பர்ட்டின் சொந்தப் போன் டிங் என்றது. ஓடிபி. ஆறு எண்கள்.

டிங் சத்தம் கேட்டு, காதில் இருந்த போனைக் கையால் பொத்திக்கொண்டு வாசலிலிருந்து டீச்சர் குரல் கொடுத்தார். "ஓடிபி வந்ததா அண்ணா? படிவம் தானாப் போயிடுச்சா? அப்போ அந்த நம்பரைப் போட்டுடுங்க, ஒரு வீடு முடியும்!"

அதே நேரத்தில் லீனா வந்து நின்றாள். அம்மா போன் செய்து சொல்லியிருக்கிறாள், டீச்சர் கடைக்கு வருகிறார் என்று. பஸ் நிறுத்தத்திலிருந்து ஓடி வந்ததில் மூச்சு வாங்கியது. எரிக் நடந்ததை இரண்டு வரியில் சொன்னான்.

லீனா ஓடிபியைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள். "டாடி, போட்டுடுங்க. கிறிஸ்டியன்னு போகல, அது போதும். நாளைக்கு யாராவது கேட்டா மெஷின் தப்புன்னு சொல்லிக்கலாம்."

"பொய்யா லீனா?" என்றான் எரிக்.

"உங்க ஆட்டோ பெர்மிட்ல எந்தப் பேர் மாமா இருக்கு?"

எரிக் ஆட்டோ சாவியை எடுத்து விரலில் சுழற்ற ஆரம்பித்தான்.

ஹெர்பர்ட் ஆறு எண்களையும் மனசுக்குள் ஒருமுறை படித்தார். விரல் கட்டத்துக்குப் பக்கத்தில் போனது. நல்ல வழிதான். யாரும் மாட்ட மாட்டார்கள். அப்புறம் யார் மாட்டுவார்கள் என்று யோசித்தபோது வாசல் ஸ்டூலில் ஒரு முதுகு தெரிந்தது. ரவிக்கை முதுகில் வேர்வை பெரிய வட்டமாக நனைந்திருந்தது. "எஸ் சார், எஸ் சார், முடிச்சிடுறேன் சார்" என்று அந்த முதுகு குனிந்துகொண்டே இருந்தது. மர்பி டவுனில் மீன் கொழம்பு வைக்கிற ஜைனக் குடும்பம் எங்கிருந்து வந்தது என்று யாராவது விசாரித்தால், மெஷினுக்கு நோட்டீஸ் போகாது. இந்த அம்மாவுக்குத்தான் போகும்.

மூட்டை கீழே விழுந்தால் திட்டு வாங்குகிறவன் தூக்கினவன்தான். மூட்டையைக் கட்டினவன் இல்லை. இதை அப்பா வீட்டில் பார்த்து வளர்ந்தவர் அவர்.

"மிஸ், இது தப்பாப் போயிருக்கு" என்றார். பவர் பட்டனை அழுத்திப் பிடித்தார். திரை அணைந்தது.

"டாடி!" என்றாள் லீனா.

 அவர் மூடியைக் கழற்றினார். உப்பின பேட்டரியை நெம்பி எடுத்து வாசலில் இருந்த மணல் டப்பாவில் போட்டார். புதுசு மாட்டினார். இருபது நிமிஷம்.  கை செய்கிற வேலை கைக்குத் தெரிந்திருந்தது. மண்டைக்குள்தான் பட்டியல் மாதிரி எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது, எதிலும் நிற்கவில்லை.

போன் உயிர் பெற்றது. திரை அமைதியாக, சொன்ன பேச்சு கேட்கிற பிள்ளை மாதிரி நின்றது. டீச்சர் ஆப்பைத் திறந்தார். பழைய படிவம் அழிந்துபோயிருந்தது. "போகட்டும், திரும்பக் கேக்கறேன்" என்று பெருமூச்சு விட்டு, ஸ்டூலை உள்ளே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"குடும்பத் தலைவர் பேர்?"

சுலபமான கேள்வி. பிள்ளைகள்கூடச் சொல்லும். ஹெர்பர்ட்டின் இடது பக்கம் எரிக், வலது பக்கம் லீனா. இரண்டு பேரும் அவர் வாயைப் பார்த்தார்கள்.

"ஹெர்பர்ட்டுன்னு போடுங்க. பக்கத்துலயே சந்திரன்னு போடுங்க."

டீச்சர் நிமிர்ந்து பார்த்தார். ஒன்றும் கேட்காமல் இரண்டையும் அடித்தார்.

"மதம்?"

"கிறிஸ்டியன்."

லீனா கண்ணை மூடிக்கொண்டாள்.

"சாதி? வேணாம்னா விட்டுடலாம் அண்ணா."

"எதுக்கு விடணும்? ஆதி திராவிடர். போடுங்க. ரெண்டாவும்தான் இருக்கேன். ஒண்ணைச் சொல்லி ஒண்ணை விட்டா பாதி ஆளுதான் கணக்குல வருவான்."

சொல்லும்போது குரல் உரக்க வந்தது. சொன்ன பிறகு பயம் வந்தது. ஆப் ஒத்துக்கொள்ளாது, சிவப்பு எழுத்தில் ஏதாவது வரும், இது செல்லாது என்று சொல்லும், அப்போது ஒன்றை மாற்றச் சொல்வார்கள் என்று அவர் பாதி நம்பிக்கொண்டிருந்தார். டீச்சர் அழுத்தினார். ஆப் ஒரு நொடி சுற்றியது. அடுத்த பக்கம் வந்தது. அவ்வளவுதான். ஓடிபி வந்தது, சொன்னார், பச்சை டிக் விழுந்தது. எட்மாஸ்டரும் பாஸ்டரும் சங்கமும் சட்டமும் ஒத்துக்கொள்ளாத ஒன்றை அது ஒரு வார்த்தை கேட்காமல் வாங்கி உள்ளே போட்டுக்கொண்டது. எங்கே போட்டது என்பதுதான் தெரியவில்லை.

"மிஸ்," என்றாள் லீனா. "இது தாலுகா ஆபீஸ்ல இருக்கிற ஃபைலோட சேருமா?"

"கொத்தில்லம்மா." டீச்சர் நிஜமாகவே வருத்தப்பட்டார். "எனக்குத் தெரியாது. சேராதுன்னு டிரெய்னிங்ல சொன்னாங்க. சேரும்னு ஸ்டாஃப் ரூம்ல சொல்றாங்க." பையை மாட்டிக்கொண்டு, எட்டு வீடு பாக்கி என்று முணுமுணுத்தபடி வெயிலில் இறங்கினார்.

எரிக் மாமாவின் தோளைத் தட்டப் போனான். லீனாவின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையை இழுத்துக்கொண்டு ஆட்டோவுக்குப் போய்விட்டான்.

"நாளைக்கு நான் தாலுகா ஆபீஸ் போறேன்" என்றாள் லீனா. "ஃபைல் எங்க நிக்குதுன்னு பாக்கணும். அப்பாவைக் கூட்டிட்டு வான்னு போன தடவையே சொன்னாங்க."

"வரேம்மா."

"அங்க கேப்பாங்க. நீங்க யாரு, என்ன மதம்னு கேப்பாங்க. என்ன சொல்வீங்க?"

ஹெர்பர்ட் ஸ்க்ரூடிரைவரை எடுத்தார், வைத்தார். பொய் சொல்கிறேன் என்று சொல்லிவிடலாம். நாற்பத்தாறு வருஷமாகச் சொன்னதுதான், அதைப் பொய் என்றுகூட அவர் நினைத்ததில்லை. இன்றைக்கு மட்டும் அது ஏன் வாயில் வர மாட்டேன் என்கிறது என்று அவருக்கே விளங்கவில்லை.

"கேட்டா, இப்ப சொன்னதைத்தான் சொல்வேன் போலிருக்கு."

லீனா பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். அழவில்லை, கத்தவில்லை.

"அப்போ நீங்க வர வேணாம் டாடி" என்றாள். "உடம்பு சரியில்லன்னு சொல்லிக்கறேன்."

துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள். கோபமாகச் சொன்னாளா, அப்பாவைக் காப்பாற்றுவதற்காகச் சொன்னாளா என்று ஹெர்பர்ட்டுக்குப் புரியவில்லை. கூப்பிட்டுக் கேட்கலாம் என்று வாசல் வரைக்கும் போனார். லீனா என்று கூப்பிடுவதா, தீபிகா என்று கூப்பிடுவதா என்கிற சந்தேகம் வந்து, தெருவைப் பார்த்தபடி நின்றுவிட்டார்.