தேறுவான் என்று வெர்னன் சொன்னார்

1

இந்தக் கதை எனக்குச் சும்மா கிடைத்தது. அமெரிக்காவில், டெமாயினில், என் பக்கத்து வீட்டுக்கார அம்மா லியோட்டா ப்ரூயிட், தக்காளிச் செடிகளுக்குத் தண்ணீர் விட்டபடி வேலிக்கு அந்தப்புறமிருந்து சொன்னார். முக்கியமான இடம் வந்ததும் குழாயை மூடினார். "மிச்சத்தை நீயே எழுதிக்கோ. எழுதுறவன்தானே நீ?" என்று உள்ளே போய்விட்டார்.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

அரங்கமே மூச்சைப் பிடித்துக் காத்திருக்க, கேலன் ஓடம் பந்தோடு காற்றில் எழும்பி—

(அடித்துவிட்டேன். கேலன் ஓடம் எழும்பமாட்டான். அதுதான் அவனுடைய பிரச்சினையே. அரங்கமும் மூச்சைப் பிடிக்கவில்லை. பாதிப் பேர் பாப்கார்ன் வாங்கப் போயிருந்தார்கள்.)

2

லியோட்டாவின் வேலை ஆள் பார்ப்பது. கல்லூரிக் கூடைப்பந்து ஆட்டங்களுக்குப் போய், எந்தப் பையன் நாளைக்குத் தொழில்முறை அணியில் தேறுவான் என்று தன் அணிக்கு எழுதி அனுப்ப வேண்டும். ஏறக்குறைய நம் ஊர்ப் பெண் பார்க்கும் சடங்குதான். உயரம் பார்ப்பார்கள், நடையைப் பார்ப்பார்கள், தாயாரையும் ஓரக்கண்ணால் பார்ப்பார்கள். பஜ்ஜி மட்டும் கிடையாது.

போன இடத்திலெல்லாம் பக்கத்து நாற்காலியில் வெர்னன் டிப்ஸ் இருப்பார். வேறொரு அணிக்கு ஆள் பார்ப்பவர். ஒரே பனி, ஒரே நெடுஞ்சாலை, ஒரே ஆறிப்போன பன்றி இறைச்சி சாண்ட்விச். இருபது வருடப் பழக்கம். ஆனாலும் போட்டி அணிக்காரரிடம் உண்மையைச் சொல்ல முடியுமா?

"அந்த இடக்கைப் பையன் எப்படிம்மா?" என்பார் வெர்னன்.

"தங்கம். கண்ணை மூடிக்கிட்டு எடுத்துக்கலாம்," என்பார் லியோட்டா, அவன் ஒன்றுக்கும் ஆகமாட்டான் என்று நன்றாகத் தெரிந்தே.

இரண்டு வாரம் கழித்து வேறொரு ஊரில், அதே பையனைப் பற்றி வெர்னனே, "தங்கம்மா அவன்," என்பார். ஆகா, பழைய பொய்யை எனக்கே திருப்பி விற்கிறான் மனுஷன் என்று லியோட்டா உள்ளுக்குள் சிரித்துக்கொள்வார். வெர்னன் புகழ்ந்த எவனும் தேறியதில்லை. அதனால் வெர்னன் சொல்வதைத் தலைகீழாகத் திருப்பி எழுதுவதே அவருக்கு வழக்கமாகிவிட்டது. எழுதியது பலித்தது. வேலை நிலைத்தது.

3

அயோவாவில் ஒரு சின்னக் கல்லூரி. சனிக்கிழமை மதியம். ஓடம் ஆடிக்கொண்டிருந்தான், அல்லது நடந்துகொண்டிருந்தான். ஆறடி எட்டு அங்குலம். கால்கள் மட்டும் எங்கோ பின்னால் வருவதுபோல் இருந்தன. ஆனால் யாருமே இல்லாத மூலைக்கு அவன் பந்தை எறிந்தால், அது போய்ச் சேரும் நேரத்தில் அங்கே சொந்த அணிக்காரன் ஒருவன் நின்றிருப்பான்.

லியோட்டாவால் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. பழக்கப்படி வாயைத் திறக்காமல் காத்திருந்தார்.

"இவன் தேறுவான்," என்றார் வெர்னன், கேட்காமலே.

"இவனா? குதிக்கவே தெரியலையேப்பா."

"குதிக்கிறவனுக்கு என்ன பஞ்சம்? இவன் பாக்குறான் லியோட்டா."

அவ்வளவுதான். 'வேண்டாம்' என்று அன்றைக்கே எழுதி அனுப்பிவிட்டார்.

4

(இந்த இடத்தில் வெர்னன்மீது எனக்குச் சந்தேகம். முந்தைய பிரதியில் அவருக்கு ஒரு தந்திரச் சிரிப்பு வைத்திருந்தேன். லியோட்டாவிடம் படித்துக் காட்டியபோது, "அவன் அப்படிச் சிரிச்சதே இல்லை," என்றார். எடுத்துவிட்டேன். சிரிப்பை எடுத்ததும் வெர்னனிடம் தந்திரம் என்று சொல்ல எதுவும் மிஞ்சவில்லை. அப்போதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.)

5

அடுத்த ஆட்டத்தில் வெர்னனின் நாற்காலியில் மடிக்கணினியோடு ஒரு இளைஞன் உட்கார்ந்திருந்தான்.

"வெர்னன் எங்கப்பா?"

"அவரா? அவரைப் போன மாசமே அனுப்பிட்டாங்க மேடம். அவர் சொன்ன ஆள் ஒருத்தனும் உருப்படலையாம்."

போன மாதம். அப்படியென்றால் ஓடத்தைப் பார்த்த அந்தச் சனிக்கிழமை அவருக்கு அணியும் இல்லை, பொய் சொல்லக் காரணமும் இல்லை.

லியோட்டா தன் மேலாளரை அழைத்தார். "ஓடம் பத்தி எழுதினேனே, அதை நிறுத்தி வைங்க."

"ஏன், மறுபடி அவன் ஆட்டத்தைப் பாத்தீங்களா?"

"இல்லை. அவனைப் பாத்த ஒருத்தரைப் பத்தி ஒண்ணு தெரிஞ்சுது."

"திங்கக்கிழமைக்குள்ள ஒரே பதில். அது தப்பாப் போனா, உங்க நாற்காலியிலயும் ஒரு சின்னப் பையன் உக்காருவான், பாத்துக்கோங்க."

6

பக்கத்து மாநிலத்துப் பியோரியாவில் வெர்னன் வீட்டுக் கொல்லையில் கெளுத்தி மீன் பொரிந்துகொண்டிருந்தது. லியோட்டாவைப் பார்த்ததும் இன்னும் இரண்டு துண்டை மாவில் புரட்டி எண்ணெயில் போட்டார்.

"வேலை போனதை ஏன் சொல்லலை?"

"சொன்னா நீ பாவம் பாப்பே. நிம்மதியா ஆட்டம் பாக்க விட மாட்டே."

"அந்த ஓடம் பத்திச் சொன்னியே. நிஜமாத்தான் சொன்னியா?"

வெர்னன் கரண்டியோடு திரும்பினார். கேள்வியே அவருக்குப் புரியவில்லை என்று முகத்தில் தெரிந்தது. "உங்கிட்ட நான் எப்ப பொய் சொல்லியிருக்கேன்?"

"இடக்கைப் பையன்? தங்கம்னியே?"

"நீ சொன்னே, அதான் சொன்னேன். உன் கண்ணு மேல எனக்கு அவ்வளவு நம்பிக்கை. நீ சொன்னதைத்தான் பாதி நாள் எழுதியே அனுப்புவேன். அதுல கொஞ்சம் சறுக்கிடுச்சு, போவட்டும். யாருக்குத்தான் சறுக்கலை?"

லியோட்டா தட்டைக் கையில் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். இருபது வருடமாகத் தான் சொன்ன பொய்யைத் வெர்னனிடமிருந்தே திரும்ப வாங்கி, அதைக் கவிழ்த்துப் பார்த்து, அதற்குத் தன் திறமை என்று பெயர் வைத்திருந்தது அவருக்கு மெதுவாக விளங்கியது. அந்தப் பொய்களால்தான் இந்த மனிதருடைய வேலை போயிருக்கிறது. ஓடம் விஷயத்தில் மட்டும் தான் முந்திக்கொண்டு எதுவும் சொல்லவில்லை. வெர்னன் தானாகவே பார்த்துச் சொன்னது. வெர்னனுக்குக் கண் உண்டா இல்லையா என்பது இதுவரை யாருக்கும் தெரியாது. ஓடம் விஷயத்தில் தனக்கு உண்டா என்பதும்.

"ஏம்மா, மீன்ல உப்பு கம்மியா?"

"இல்லை. சரியா இருக்கு."

7

வெர்னனின் அடுத்த கேள்வியோடு லியோட்டா குழாயை மூடினார். நான் முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அவர் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார், வெர்னன் மன்னித்தார். படித்தபோது எனக்கே கூச்சமாக இருந்தது. இன்னொன்றில் ஓடம் பெரிய அணிக்கு ஆடி, கடைசி நொடியில்— (அதுவும் போயிற்று. ஓடம் இன்னும் அந்தக் கல்லூரியில்தான் இருக்கிறான். தன்னைப் பற்றி இப்படியொரு வழக்கு நடப்பதே அவனுக்குத் தெரியாது.)

ஆகவே நடந்ததை மட்டும் தருகிறேன். ஞாயிற்றுக்கிழமை மாலை. வெர்னன் எதிரே உட்கார்ந்து கையைத் துடைத்துக்கொண்டார்.

"நான் பாத்ததைச் சொல்லிட்டேன். நீ ஒண்ணுமே சொல்லலையே. அவன் தேறுவானா?"

லியோட்டா வாயைத் திறந்தார். இதற்குமேல் உங்கள் பொறுப்பு. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: நீங்கள் லியோட்டா வாயில் எதை வைத்தாலும் வெர்னன் அப்படியே நம்பிவிடுவார்.