ரெண்டு கட்டு, மீதி பதினொண்ணு

அன்று காலை அன்பரசன் தோசைத் தட்டை மகள் முன்னால் நகர்த்தி வைத்தான்.

"பாப்பா, இந்தத் தோசையை நேர்கோடா மூணே மூணு தரம் வெட்டணும். எம்புட்டுத் துண்டு வரும்?"

இரண்டாம் வகுப்புப் படிக்கும் ஓவியா கரண்டிக் காம்பால் தோசையின் நடுவழியாக மூன்று கோடு இழுத்தாள். "ஆறு."

"எப்படி வந்துச்சு?"

"இங்கன ஒண்ணு, இங்கன ஒண்ணு..." எண்ணிக் காட்டினாள்.

"சரிதான். ஆனா ஆறுக்கு மேலயும் வரும். சாயந்திரம் நான் வர்றதுக்குள்ள பார்த்து வையி."

தெருமுனையில் பட்டாசுக் கம்பெனி வேன் ஹாரன் அடித்தது. "அந்த வேன்காரன் உங்க கணக்கு முடியுற வரைக்கும் நிப்பானாக்கும்" என்றாள் அவன் மனைவி மாரித்தாய். "நிப்பான், நிப்பான். அவனுக்கும் நேத்து ஒரு கணக்குப் போட்டு விட்டிருக்கேன், இன்னும் விடை வரல" என்று செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினான்.

மதியத்துக்கு மேல் விஸ்வநத்தம் பக்கம் புகை எழுந்தது. அவர்கள் ஊரான எம். புதுப்பட்டியில் எல்லோரும் வாசலுக்கு வந்து, எந்தக் கம்பெனியாக இருக்கும் என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். காலையில் அந்த வேனில் போனவர்களில் நான்கு பேர் திரும்பவில்லை. அன்பரசன் அதில் ஒருவன்.

அவன் பத்தாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனால் வீட்டில் எதை எடுத்தாலும் மகளுக்கு அது கணக்காகிவிடும். பஸ் நம்பரைக் கூட்டச் சொல்வான். உள்ளங்கையில் புளியங்கொட்டையை மூடிக்கொண்டு, ஒற்றையா இரட்டையா என்பான். ஓவியா தப்பாகச் சொன்னாலும் அவன் முகம் சுருங்காது. "சரியா தப்பான்னு அப்புறம் பார்ப்போம். எப்படி வந்துச்சு, அதைச் சொல்லு" என்பதுதான் அவன் பேச்சு. தப்பு எங்கே என்று தானே கண்டுபிடித்துவிட்டு அந்தப் பிள்ளை குதிக்கிற குதி அடுத்த வீட்டுக்குக் கேட்கும்.

அந்தச் சத்தம் நின்றுபோயிற்று. நிவாரணப் பணத்துக்காகச் சூலக்கரையில் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கி, காரியங்கள் ஒருவாறு முடிந்து, மாரித்தாய் வீட்டைத் திரும்பிப் பார்த்தபோது பிள்ளை அழுவதும் இல்லை, எண்ணுவதும் இல்லை. ஒரு நாள் மாரித்தாய் தானாக ஒரு தோசையைத் தட்டில் போட்டு, "மூணு வெட்டுல எத்தனைன்னு அப்பா கேட்டாகள்ல?" என்று ஆரம்பித்தாள். ஓவியா தட்டைத் தள்ளி வைத்தாள்.

"அது அப்பா கேட்டது. நீ கேக்காத."

மாரித்தாய்க்கு அது வலிக்கவில்லை, பயமாக இருந்தது. அவன் சாயல் பிள்ளையின் முகத்தில் இல்லை. முகம் முழுக்கத் தாய் வழி. அவனிடமிருந்து வந்தது அந்த ஒரு குதிதான். அதுவும் நின்றுவிட்டால், பிறகு எதைக் காட்டி இவள் அன்பரசன் மகள் என்று சொல்வது?

ஆனால் அவளுக்குக் கணக்கு வராது. ஐந்தாம் வகுப்பில் கணக்கு என்றால் முழங்கையில் ஸ்கேல் அடி என்றுதான் ஞாபகம். அவளுக்குத் தெரிந்த எண்ணிக்கை ஒன்றே ஒன்று: வெடிக்கான வெற்றுக் காகிதக் குழாய்களை உருட்டிக் கம்பெனிக்குக் கொடுக்கும் வேலையின் எண்ணிக்கை. பன்னிரண்டு குழாய் ஒரு கட்டு. பன்னிரண்டு கட்டு ஒரு குரோஸ். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள்.

குழாயைப் பிள்ளை கையில் கொடுக்க அவளுக்கு முதலில் மனம் வரவில்லை. "எம்மக குழாய் உருட்டக் கூடாது" என்று அன்பரசன் அடித்துச் சொல்லியிருந்தான். அதனால் ஒரு ஏற்பாடு செய்தாள். உருட்டுவது அம்மா மட்டும். நசுங்கிப்போன, கம்பெனியில் தள்ளிவிடும் குழாய்கள் ஓவியாவுக்கு, விளையாட மட்டும்.

ஒரு சாயங்காலம் அவற்றைத் தரையில் கொட்டினாள். "இந்தக் குமியில எத்தனை கட்டு வரும்னு கண்ணால பார்த்தே சொல்லணும். தோத்தா நீ எனக்கு முறுக்கு தரணும்."

"முறுக்கு உங்கிட்டதான இருக்கு?"

"அப்ப ஜெயிச்சு வாங்கிட்டு, தோத்துத் திருப்பிக் குடு."

ஓவியா சிரித்துவிட்டாள். நெடுநாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு. மூன்று கட்டு என்றாள் அவள், நான்கு என்றாள் தாய். கட்டிப் பார்த்தால் மூன்று கட்டு, மீதி நான்கு. "ரெண்டு பேருமே தப்பு, ரெண்டு பேருமே சரி" என்று முறுக்கைப் பாதியாக உடைத்தாள் பிள்ளை.

அதிலிருந்து தினமும் குமி, கட்டு, மீதி. பக்கத்து வீட்டு வேலுத்தாய் எட்டிப் பார்த்து, "ஏ மாரித்தாயி, பிள்ளையை இப்பமே வேலைக்குப் பழக்குற போல. அன்பரசன் இருந்தா உன்னைக் கட்டி வச்சு உருட்டியிருப்பான்" என்றாள்.

"உருட்டல மதினி. எண்ணுறா."

"எண்ணி என்னத்துக்கு?"

"சும்மாதான். அவளுக்குப் பிடிச்சிருக்கு."

இப்படி இருக்கும்போது பள்ளிக்கூடத்திலிருந்து கற்பகவல்லி டீச்சர் போன் செய்தார். ஓவியா கணக்கில் எல்லாவற்றையும் தப்பாக எழுதியிருக்கிறாளாம். நாளைக்கு ஒரு எட்டு வந்து போக முடியுமா?

"நான் அப்பமே சொன்னேன்ல, உனக்கு என்ன தெரியும்னு இதுல எறங்குன?" என்றாள் வேலுத்தாய். பிள்ளைக்கு மிச்சமிருந்ததையும் தானே கெடுத்துவிட்டோமோ என்று மாரித்தாய்க்குத் தோன்றியது.

மறுநாள் வகுப்பில் பிள்ளைகள் சத்துணவுக்குப் போயிருந்தார்கள். ஓவியாவை மட்டும் டீச்சர் நிறுத்தி வைத்திருந்தார். மாரித்தாய் வாசலிலேயே நின்றாள்.

"உள்ள வாங்கம்மா. உக்காருங்க. நான் ஒண்ணும் கடிக்க மாட்டேன்." டீச்சர் ஒரு தாளை எடுத்துக் காட்டினார். "குச்சியைக் கொட்டி, கட்டாக் கட்டி, எத்தனைன்னு எழுதச் சொன்னேன். முப்பது குச்சிக்கு இருபத்தாறுன்னு எழுதியிருக்கா. நாப்பத்தி மூணுக்கு முப்பத்தேழு. முப்பத்தஞ்சுக்கு ரெண்டு எழுதி, பக்கத்துல என்னமோ பொம்மை போட்டிருக்கா. மத்த பிள்ளைக ஆளுக்கு ஒரு தப்புப் பண்ணுவாக. இவ எல்லாத்தையும் ஒரே மாதிரி தப்பாச் செஞ்சிருக்கா. அதான் எனக்குத் தூக்கம் வரல."

பிறகு ஓவியாவிடம் திரும்பி, "இது எப்படி வந்துச்சு பாப்பா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியைக் கேட்டதும் பிள்ளை நிமிர்ந்து பார்த்தது. முப்பது குச்சியை எடுத்துக் கட்டியது. "ஒரு கட்டு. ரெண்டு கட்டு. மீதி ஆறு. ரெண்டு, ஆறு."

டீச்சர் ஒரு கட்டை வாங்கி எண்ணினார். பன்னிரண்டு இருந்தது. அடுத்த கட்டையும் எண்ணினார். அதிலும் பன்னிரண்டு.

மாரித்தாய்க்கு அப்போதுதான் உறைத்தது. கட்டு என்றால் பன்னிரண்டு; அதைத் தவிர வேறு கட்டு உலகத்தில் உண்டு என்று அவள் நினைத்ததே இல்லை. "ஐயோ டீச்சர், நான்தான் கெடுத்துட்டேன். வீட்டுல குழாய்க் கட்டை வச்சு விளையாட்டுக் காட்டுனேன். பத்துப் பத்தாக் கட்டணும்னு எனக்குத் தோணவே இல்லை."

"பொறுங்க, பொறுங்க. இந்தப் பொம்மையைக் கேப்போம். இது என்ன பாப்பா?"

இரண்டுக்குப் பக்கத்தில் சின்ன வட்டமும் அதன் நடுவே ஒரு புள்ளியும் இருந்தன.

"அது பதினொண்ணு டீச்சர். முப்பத்தஞ்சுல ரெண்டு கட்டு, மீதி பதினொண்ணு. ரெண்டு போட்டுப் பதினொண்ணு எழுதினா இருநூத்திப் பதினொண்ணு ஆயிரும்லா. அதான் ஒத்தையா இருக்கட்டும்னு, குழாயை நிறுத்தி மேல இருந்து பார்த்தாப்ல அதோட வாயைப் போட்டேன். உள்ள புள்ளி வச்சா பதினொண்ணு. புள்ளி இல்லாட்டி பத்து."

"வெறும் வட்டம்னா சைபர் மாதிரி இருக்குமே?"

ஓவியா தாளைப் பார்த்தாள். வாயைக் கோணிக்கொண்டு யோசித்தாள். "ஆமா. தப்பு." அடுத்த நொடி துள்ளி எழுந்தாள். "அப்ப பத்துக்குக் குழாயைப் படுக்கப் போட்டிருவோம் டீச்சர்! படுத்த குழாய் பத்து, நின்ன குழாய் பதினொண்ணு."

அந்தக் குதி. மாரித்தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

டீச்சர் சிரித்தார். "அம்மா, ஒரு இடத்துல ஒரு எழுத்துதான் இருக்கணும்னு நான் இந்த வகுப்புக்கு வருசம் பூரா கரடியாக் கத்துறேன். பாதிப் பிள்ளைகளுக்கு ஏறல. இவ அது புரிஞ்சு, எழுத்து பத்தாம, புதுசா ரெண்டு எழுத்து போட்டிருக்கா. கட்டுறது மட்டும் உங்க வீட்டுக் கட்டு. அது குத்தமில்லை. பள்ளிக்கூடத்துக் கட்டு பத்துன்னு சொல்லிட்டாப் போதும்."

"அப்ப வீட்டுல அந்த விளையாட்டை நிப்பாட்டிரவா?"

"நிப்பாட்டுனீகன்னா நான் உங்க வீட்டுக்கு வந்து சண்டை போடுவேன்."

மணி அடித்துப் பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். மாரித்தாய் கிளம்பவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வராந்தாவில் நின்றாள். உள்ளே டீச்சர் ஓவியாவைப் பலகைக்குப் பக்கத்தில் நிறுத்தி, அவள் கணக்கைச் சொல்லச் சொன்னார். "எங்க வீட்டுக் கட்டு பெருசு, உங்க கட்டு சிறுசு" என்று அவள் ஆரம்பித்ததும் வகுப்பு கொல்லென்று சிரித்தது. ஓவியா அசரவில்லை. சிரிப்பு அடங்கும் வரை இடுப்பில் கை வைத்து நின்று, மறுபடி ஆரம்பித்தாள். அன்பரசனும் அப்படித்தான் நிற்பான். வராந்தாவில் போன ஆயாம்மா, "உம்பிள்ளையா?" என்று கேட்டார். "எம்பிள்ளை. அவுக அப்பா மாதிரி" என்றாள் மாரித்தாய். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டதோ என்று அப்புறம் கூச்சமாக இருந்தது. ஆனாலும் திருத்திக்கொள்ளவில்லை.

சாயங்காலம் வேலுத்தாய் வாசலிலேயே மறித்தாள். "என்னளா, டீச்சர் நல்லா வஞ்சாகளா?"

"எம்மக புது எழுத்துக் கண்டுபிடிச்சிருக்கா மதினி."

"எழுத்தா? தமிழ்லயா?"

"கணக்குல."

வேலுத்தாய்க்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்காமலே உள்ளே வந்து உட்கார்ந்தாள். ஓவியா முப்பத்தைந்து குழாயைத் தரையில் பரப்பினாள். பத்துப் பத்தாகக் கட்டினாள்: மூன்று கட்டு, மீதி ஐந்து. அவிழ்த்து, பன்னிரண்டு பன்னிரண்டாகக் கட்டினாள்: இரண்டு கட்டு, மீதி நின்ற குழாய்.

"ஏழு ஏழாக் கட்டேன் பார்ப்போம்" என்றாள் வேலுத்தாய். ஐந்து கட்டு வந்தது. மீதி ஒன்றும் இல்லை.

"என்னடி இது, கட்டக் கட்ட மாறுது. ஏதும் கூடக் குறைய ஆயிருச்சா? எண்ணுங்க."

கட்டுகளையெல்லாம் அவிழ்த்துக் கொட்டினார்கள். மூன்று பேரும் சுற்றி உட்கார்ந்து ஒவ்வொன்றாக எண்ணினார்கள். முப்பத்தைந்து குழாய்தான் இருந்தது.