அத்தான்சியோன்

ஜூலை பதினாலாம் தேதி வந்துவிட்டால் இளஞ்செழியனுக்கு நெஞ்சு இரண்டு அங்குலம் விரியும். மற்ற நாளெல்லாம் அவர் சேதராப்பட்டு கம்பெனி ஒன்றில் யாரோ ஒரு ஷிஃப்ட் சூப்பர்வைசர். முத்தியால்பேட்டையில் அருள்முருகன் வீட்டு மொட்டைமாடியில் அன்றைக்கு மட்டும் அவர்தான் பீரங்கிப் படைத் தளபதி. கூடுகிற மூன்று குடும்பத்திலும் பட்டாசுக்குத் தீ வைப்பவர் அவர் ஒருவரே. இந்தப் பதவியில் அவரை யார் நியமித்தார்கள் என்று கேட்டால் பதில் கிடையாது.

பிரெஞ்சுக்காரர்களின் தேசிய நாளுக்கும் இவர்களுக்கும் என்ன உறவு என்றால், ஊரை ஒரு காலத்தில் அவர்கள் ஆண்டதைத் தவிர ஒன்றுமில்லை. செழியன், அருள்முருகன், பிரேம்குமார் மூவரும் டவுசர் போட்ட காலத்தில் தெருவில் ஒரு சொல்தா இருந்தார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். பதினாலாம் தேதி சாயங்காலம் வாசலில் பட்டாசை வைத்துவிட்டு "அத்தான்சியோன்" என்று ஒரு குரல் கொடுப்பார். அடுத்த நொடி வெடிக்கும். மூன்று மண்டைகளும் ஒன்றுசேர்ந்து யோசித்து, 'கொளுத்து' என்பதற்குப் பிரெஞ்சில் இதுதான் வார்த்தை என்று முடிவுகட்டின. சொல்தா போய்ச்சேர்ந்த பிறகு வழக்கம் மொட்டைமாடிக்கு ஏறியது. கல்யாணம், பிள்ளைகள், பேத்தி என்று கூட்டம் பெருகியதே தவிர வார்த்தை மாறவில்லை. பிரேம்குமார் கத்துவார், செழியன் கொளுத்துவார்.

செழியனின் மகள் பூவிழி பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு எடுத்தவள். அந்த வார்த்தைக்கு 'ஜாக்கிரதை' என்று அர்த்தம் என்பதை அவள்தான் ஒருநாள் போட்டு உடைத்தாள். மூன்று பேரும் வெட்கப்பட்டிருக்க வேண்டும். படவில்லை. இத்தனை வருஷம் கழித்து அகராதியைப் பார்த்தா கொளுத்த முடியும் என்று கேட்டு அவள் வாயை அடைத்துவிட்டார்கள்.

இந்த வருஷம் தளபதிக்கு ஒரு சிக்கல். இரண்டு கண்ணிலும் புரை முற்றிக் கிடந்தது. கதிர்காமத்து ஆஸ்பத்திரி டாக்டரம்மா உடனே ஆபரேஷன் செய்துகொள்ளச் சொல்லியிருந்தார். "ஆடி கழியட்டும் மேடம்" என்று, பெண்ணுக்குக் கல்யாண நாள் பார்க்கிறவர் மாதிரி செழியன் தள்ளிப்போட்டார். உண்மை வேறு. கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தால் ஊதுவத்தி அருள்முருகன் கைக்குப் போய்விடும். ஒருமுறை கைமாறிய பதவி திரும்பி வந்ததாக அவர் கேள்விப்பட்டதில்லை. அதனால் வீட்டிலும் மூச்சு விடவில்லை.

கண் மங்கிய பிறகும் இதுவரை அவரைக் காப்பாற்றி வந்தவர்கள் சிவகாசிக்காரர்கள். இரண்டு மூன்று வருஷமாகத் திரியின் நுனியில் வெள்ளைத்தாள் ஒட்டி அனுப்புகிறார்கள். வெள்ளையாக எது தெரிகிறதோ அங்கே ஊதுவத்தியை வைத்தால் போதும். வயதானவர்களையும் நினைத்துத் தொழில் செய்கிறார்களே என்று மனதுக்குள் பாராட்டுவார். நமக்கு எங்கே வயதாகிவிட்டது என்று உடனே திருத்தியும் கொள்வார்.

இருட்டத் தொடங்கியதும் ஆரம்பித்தார்கள். சுண்டல் தட்டுகளோடு குடும்பங்கள் தண்ணீர்த்தொட்டி ஓரம் ஒதுங்கின. புஸ்வாணம், ராக்கெட் எல்லாம் வெள்ளைத்தாள் புண்ணியத்தில் தவறாமல் பற்றிக்கொண்டன. அடுத்து முப்பது ஷாட் வாணம். அதை நடுவில் வைத்தார்கள். மிச்சப் பட்டாசு இருந்த அட்டைப்பெட்டி பக்கத்திலேயே திறந்து கிடந்தது. கடல்காற்று வேறு பிய்த்துக்கொண்டு அடித்தது.

செழியன் கம்பீரமாகக் குனிந்தார். வெள்ளையைக் காணோம். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வியர்த்தது. சற்று இடதுபக்கம் பார்த்தால், ஒன்றுக்குப் பத்தாக வெள்ளை தெரிந்தது. இந்த வருஷம் தாராளமாகவே ஒட்டியிருக்கிறான் என்று மகிழ்ந்து அந்தப் பக்கம் ஊதுவத்தியை நீட்டினார்.

அது அட்டைப்பெட்டி. அருள்முருகனின் பேத்தி அபி, கம்பி மத்தாப்பு எடுப்பதற்காக நைசாக வந்து அதற்குள் கையை விட்டுக்கொண்டிருந்தாள். அவள் அங்கே இருந்ததே செழியனுக்குத் தெரியாது.

"அத்தான்சியோன்!" என்று அலறிக்கொண்டு பூவிழி ஓடிவந்தாள். எந்த அர்த்தத்தில் அலறினாள் என்பது உலகத்துக்கே புரிந்திருக்கும். நாற்பது வருஷமாகத் தப்பர்த்தத்தில் ஊறிய அவர் கை மட்டும், சொன்னபடி கொளுத்தியது.

திரி சீறிய அந்த ஒரு மூச்சுக்குள் பூவிழி குழந்தையை வாரிக்கொண்டு ஓடினாள். செழியன் பின்பக்கமாக விழுந்தார். பிறகு பெட்டியே எழுந்து நின்று ஆடியது. முப்பது ஷாட்டும் தீப்பிடித்துச் சாய்ந்து, எதிர்வீட்டு டிஷ் ஆன்டெனாவுக்கெல்லாம் மரியாதை செய்தது. புகை விலகியபோது பக்கத்து மாடிகளில் விசில் பறந்தது. இந்த மாதிரி ஒரு வருஷமும் வெடித்ததில்லை என்று பிரேம்குமார் கையைத் தட்டினார். திட்டம் போட்டுத்தான் செய்தேன் என்று சொல்லிவிடலாமா என்று, கீழே உட்கார்ந்த நிலையிலும் செழியனுக்கு ஆசை வந்தது. சொல்லியும் இருப்பார்.

எழுந்திருக்கக் கையை ஊன்றியபோது ஏதோ பிசுபிசுவென்று விரலில் ஒட்டியது. தடவிப் பார்த்தார். சின்னச் செருப்பு. வார் உருகியிருந்தது. தொட்டி ஓரத்தில் அபி ஒற்றைச் செருப்பைக் கேட்டு அழுதுகொண்டிருந்தாள். அதற்குமேல் பதவி என்ன, மானம் என்ன.

"எனக்குத் திரி தெரியலடா அருளு," என்றார். "கண்ணே தெரியல. சொல்லாம மறைச்சிட்டேன்."

அருள்முருகன் அந்தச் செருப்பை வாங்கிப் பார்த்தார்.

"தெரியும்டா. ராக்கெட் வெச்ச பாட்டில விட்டுட்டு என் தண்ணி சொம்புக்குப் பத்தி காட்டின அன்னிக்கே தெரியும். அதுக்கப்புறம் வருஷா வருஷம் வெள்ளப் பேப்பர வெட்டித் திரியில ஒட்டினு இருக்கறவன் யாருன்னு நெனச்ச? காத்துல பிச்சிக்கினு போவும்னு தோணல. என் பேத்தி. எனக்கும் அறிவு வேணும்."

சிவகாசிக்கு அனுப்பிய பாராட்டெல்லாம் விலாசம் தப்பிப் போயிருந்தது செழியனுக்கு அப்போதுதான் புரிந்தது. அழுகை வந்தது. பட்டாசுப் புகை என்று சொல்லக்கூட வாய் வரவில்லை.

எல்லாம் எரிந்துபோனதில் தொட்டிக்கடியில் ஓடிக் கிடந்த ஒரே ஒரு சங்குசக்கரம் தப்பியிருந்தது. அதையாவது விடுங்கள் என்று அபி அடம்பிடித்தாள். செழியன் ஊதுவத்தியைத் தேடியெடுத்துப் பூவிழி கையில் கொடுத்தார். தொட்டி ஓரத்துக்குப் போய் அபியை மடியில் இறுக்கி வைத்துக்கொண்டார். பிரேம்குமார் வழக்கம்போலக் கத்த வாயைத் திறந்தார். செழியன் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அத்தான்சியோன்," என்றார், சத்தமில்லாமல்.

குனிந்திருந்த பூவிழி திரும்பிப் பார்த்தாள்.

"சரிப்பா," என்று துப்பட்டாவை இழுத்துச் செருகிக்கொண்டாள்.