எதிரணியில் எவாஞ்சலின்

டி.வி.யில் யார் சிரித்தாலும் அருள்நாதனுக்கு வயிறு எரியும். சிரிக்கிறவன் கிரிக்கெட்காரனாக இருந்தால் கொஞ்சம் கூடுதலாக எரியும். தன் வயதுக்கார நடிகர் ஒருவர் ஒரு நரைமுடி இல்லாமல், தொப்பை இல்லாமல், மகள் வயதுப் பெண்ணோடு பனிமலையில் ஆடுவதைப் பார்த்துவிட்டால் அன்று ராத்திரி அவருக்கு ரசம்கூட இறங்காது.

அதற்காக வயிற்றெரிச்சலை வீணாக்குகிற ஆள் இல்லை அவர். மறுநாள் ஷிப்ட் பஸ்ஸில் அதைத் தாளித்துப் பரிமாறிவிடுவார். நாலு கார் வைத்திருக்கும் பேட்ஸ்மேன் ஐந்தாவது கார் வாங்கினான் என்று செய்தி வந்தால், விக்கெட்டுக்கு நடுவில் ஓடத்தான் மாட்டேன் என்கிறான், வெளியிலாவது வண்டியில் போகட்டும் என்பார். ஒரு நடிகை ‘நாங்கள் வெறும் நண்பர்கள்’ என்று பேட்டி கொடுத்தால், கல்யாணப் பத்திரிகை அச்சுக்குப் போய்விட்டது என்று தீர்ப்பு சொல்வார். பஸ் சுரங்க வாசலுக்குப் போய்ச் சேர்வதற்குள் நாட்டில் உள்ள பிரபலங்கள் அத்தனை பேரும் அவர் வாயில் அரைபட்டுச் சக்கையாகிவிடுவார்கள். கன்வேயர் பெல்ட் பராமரிப்பில் வேலை பார்க்கும் அருள்நாதனை டவுன்ஷிப்பில் யாருக்கும் அந்த வேலையை வைத்துத் தெரியாது. ‘பட்டிமன்ற அருள்’ என்றால்தான் தெரியும்.

தேவாலயத்தின் பங்குத் திருவிழாவின்போது அவர்கள் அன்பியத்தார் வருஷாவருஷம் பட்டிமன்றம் நடத்துவார்கள். அன்பியம் என்பது நாலைந்து தெருக் கிறிஸ்தவக் குடும்பங்கள் சேர்ந்து ஜெபம் செய்கிற குழு. ஜெபம் முடிந்தால் டீயும், டீ முடிந்தால் ஊர்வம்பும் உண்டு. பத்துப் பதினைந்து வருஷமாய் அந்தப் பட்டிமன்றத்தில் ஓர் அணிக்குத் தலைவர் அருள்நாதன்தான். நடுவர் நாற்காலி மட்டும் அனல்மின் நிலையத்தில் அதிகாரியாக இருந்த லியோவிடம் இருந்தது. இந்த வருஷம் லியோ ரிட்டயர் ஆகி, குவார்ட்டர்ஸைக் காலி செய்துகொண்டு ஓசூருக்கு மகளோடு போகிறார். இந்தத் தடவை யார் மேடையில் நன்றாகப் பேசுகிறார்களோ, அடுத்த வருஷத்திலிருந்து நாற்காலி அவர்களுக்கு என்று ஜெபக் கூட்டத்தில் அவர் அறிவித்தபோது எல்லோரும் அருள்நாதனைப் பார்த்தார்கள். அவர் அடக்கமாக மின்விசிறியைப் பார்த்தார்.

அந்த நாற்காலி அவருக்கு வெறும் நாற்காலி இல்லை. அவருக்கும் இன்னும் மூன்று வருஷம்தான் சர்வீஸ். அப்புறம் அவரும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துகொண்டு எங்கோ ஒரு வாடகை வீட்டுக்குப் போக வேண்டும். அந்தத் தெருவில் யாருக்கு அவரைத் தெரியப்போகிறது? அதற்கு முன் மூன்று தடவையாவது நடுவில் உட்கார்ந்து மணியடித்துத் தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனால், முப்பது வருஷம் இந்த ஊரில் இருந்ததற்கு ஒரு கணக்கு நேராகும். சால்வை என்ன நிறத்தில் போடுவார்கள் என்பதுவரை யோசித்து வைத்திருந்தார்.

தலைப்பு அவருக்கென்றே தைத்த சட்டை. குடும்ப நிம்மதியைப் பெரிதும் கெடுப்பவர்கள் சினிமா நட்சத்திரங்களா, கிரிக்கெட் நட்சத்திரங்களா? அருள்நாதன் சினிமா நட்சத்திரங்களே என்ற அணி. எதிரணியில் மூன்றாவது பேச்சாளன் ஜெபின். வேலையில் அவனுக்குப் பதில் வரவேண்டிய ஆள் மெடிக்கல் லீவு போட்டுவிட்டதால் திருவிழா அன்று அவனுக்கு இரண்டாம் ஷிப்ட் விழுந்துவிட்டது. அன்பியச் செயலாளர் ஜெனிஷா அவர் வீட்டுக்கு வந்தாள். பதிலுக்கு யாரைப் போடலாம் என்று தன்னிடம் யோசனை கேட்கத்தான் வந்திருக்கிறாள் என்று அவர் நினைத்தார். அவளோ, எவாஞ்சலின் ஆன்ட்டியைப் பேசச் சொல்லலாமா என்று கேட்டாள்.

எவாஞ்சலின் அவர் மனைவி. அருள்நாதன் காபி புரையேறச் சிரித்தார். இவளுக்கு நோ பாலும் தெரியாது, லெக் பையும் தெரியாது, பத்துப் பேர் எதிரில் நின்றால் தன் பேரே மறந்துபோகும் என்றார்.

போன வாரம் ஜெபம் முடிந்து டீ குடிக்கும்போது ஆன்ட்டி ஒன்று சொல்லி எங்களுக்கெல்லாம் வயிறு வலித்துவிட்டது என்றாள் ஜெனிஷா. வயதான பிறகும் விளையாடுவதை விடாத ஒரு கேப்டனைப் பற்றியாம். ‘நம்ம கம்பெனியா இருந்தா இந்நேரம் குவார்ட்டர்ஸ காலி பண்ணச் சொல்லி ஆர்டர் வந்திருக்கும்’ என்றாளாம்.

அருள்நாதன் சிரிக்கவில்லை. சுமாரான ஜோக்குக்குத் தாராளமாகச் சிரிப்பார். நல்ல ஜோக் என்றால் அவர் முகம் இறுகிவிடும். முப்பது வருஷமாக குவார்ட்டர்ஸில் குடியிருக்கிறோம், இது நமக்குத் தோன்றவில்லையே என்று உள்ளே ஒன்று சுருக்கென்றது. ஆனாலும் பெருந்தன்மையாக, பேசட்டும் பேசட்டும் என்றார். மேடையில் ‘வூடு’ என்று சொல்லிவைக்காதே, ‘வீடு’ என்று சொல் என்று மனைவிக்குப் பாடமும் நடத்தினார். அவள் குள்ளஞ்சாவடிக்காரி. சரிங்க என்று தலையாட்டிவிட்டு டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

திருவிழாவுக்கு முந்தின வாரம் அவருக்கு நைட் ஷிப்ட். டவுன்ஷிப்பில் நைட் ஷிப்ட் வாரம் வந்துவிட்டால் வீட்டுக்கு வீடு ஊரடங்குதான். எவாஞ்சலின் அதில் கெட்டிக்காரி. அவர் காலையில் வந்து படுப்பதற்கு முன்பே மிக்ஸி வேலையை முடித்துவிடுவாள். குக்கர் விசில் அடிக்கும் என்று அந்த வாரம் முழுக்கச் சோற்றை வடித்துத்தான் ஆக்குவாள். கீரைக்காரி கூவுவதற்கு முன் கேட்டருகே போய் நின்று கையைக் காட்டி நிறுத்துவாள். கல்யாணமான நாளிலிருந்து இதில் ஒரு நாள் தவறியதில்லை.

முதல் நாள் காலை, ஜன்னல் திரையெல்லாம் இழுத்துவிட்ட அறையில் அருள்நாதன் கண்ணயரப் போகும் நேரம். அடுப்படியிலிருந்து ரகசியம் போல் ஒரு குரல் கேட்டது. யாரோடு பேசுகிறாள் என்று காதைத் தீட்டினார். உலை கொதிப்பதைப் பார்த்துக்கொண்டே அவள் பேசிப் பழகிக்கொண்டிருந்தாள்.

“பத்து பந்து நிக்கத் தெரியாம டக்குனு அவுட் ஆயி போறான். அடுத்த நிமிஷம் விளம்பரத்துல வந்து, எந்த சிமெண்ட்டுல கட்டினா வூடு நிக்கும்னு நமக்குச் சொல்றான்.”

அருள்நாதனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தலையணையைக் கடித்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து அடுத்தது வந்தது.

“நாலு ஓவர் போட்டுட்டு ஒடம்பு அசதின்னு ஒருத்தன் ரெஸ்ட் எடுத்துக்கறான். எங்கூட்டுக்காரரு டபுள் ஷிப்ட் பாத்துட்டு வந்து, சோறு கூட துன்னாம, அவன் அசதிக்கு உச்சுக் கொட்டிக்கினு குந்திகினு இருக்காரு.”

இந்தத் தடவை சிரிப்பு வரவில்லை. தூக்கமும் போய்விட்டது. அந்தப் பந்து வீச்சாளனைப் பார்த்து எரிந்த வயிறுதான், அந்தக் கேப்டனையும் ஐந்து கார்க்காரனையும் பார்த்து எரிந்த வயிறுதான், ஆனால் இப்படி எரிந்ததே இல்லை. அவர்களாவது எங்கோ பம்பாயில் இருக்கிறார்கள். இவள் அடுப்படியில் இருக்கிறாள். ஒரு மேட்சையும் முழுதாகப் பார்த்தறியாதவள், காய் நறுக்கிக்கொண்டு ஓரக்கண்ணால் பார்த்ததை வைத்துக்கொண்டு, அவர் ராத்திரியெல்லாம் மண்டையை உடைத்தாலும் வராததைச் சாதாரணமாகச் சொல்கிறாள். அந்த வாரம் முழுக்க அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். எதிரியின் பலம் தெரிந்திருப்பது நல்லதுதானே என்று தனக்குத்தானே நியாயமும் சொல்லிக்கொண்டார். அந்த வாரம் சுரங்கத்தில் அவர் நின்றுகொண்டே தூங்கினார் என்று பஸ்ஸில் பேசிக்கொண்டார்கள்.

அதுவரை அவர் மனசில் வேறு கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. மேடையில்தான் அது வந்தது.

கோயில் மைதானத்தில் நல்ல கூட்டம். லியோ ஒவ்வொருவரையும் அறிமுகம் செய்தார். அருள்நாதன் பெயரைச் சொன்னதும் வழக்கமான கைதட்டல் எழுந்து, வழக்கமான இடத்தில் அடங்கியது. கடைசியில், நம் அன்பியத்தின் புதுக் குரல் எவாஞ்சலின் என்றார். பெண்கள் பக்கம் தட்டிய தட்டு அடங்கவே இல்லை. ‘எவா ஆன்ட்டி’ என்று பிள்ளைகள் வேறு கத்தின. அவள் பச்சைப் பட்டுப் புடவையில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை, அதற்குள் இவ்வளவா என்று அருள்நாதனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பேசுகிற வரிசையில் அவருக்கு அடுத்து அவள். அவர் எழுந்தார், மைக்கைத் தட்டிப் பார்த்தார். நடிகர்களைப் பற்றித் தயார் செய்து வைத்திருந்ததைக் கொஞ்சம் பேசினார். கூட்டம் சிரித்தது. போதுமான அளவுக்குத்தான் சிரித்தது. அது அவருக்குப் போதவில்லை.

“நடுவர் அவர்களே, எனக்குப் பின்னால் எதிரணியிலிருந்து ஓர் அம்மையார் வருவார்கள். வந்து என்ன சொல்வார்கள் தெரியுமா?” என்று ஆரம்பித்தார்.

சிமெண்ட்டைச் சொன்னார். மைதானம் குலுங்கியது. நாலு ஓவர் அசதியைச் சொன்னார். டபுள் ஷிப்ட் பார்த்த ஆண்களெல்லாம் நாற்காலியில் புரண்டார்கள். அவள் ஒரு வாரமாய் அடுப்படியில் ஒவ்வொன்றாகக் கோத்து வைத்திருந்ததை ஒன்று விடாமல் எடுத்துச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் ஒரு மறுப்பும் சொல்லி, இதெல்லாம் ஒரு வாதமா என்று கேட்டு முடித்தார். பதினைந்து வருஷத்தில் அவருக்கு அப்படிக் கைதட்டல் கிடைத்ததில்லை. நாற்காலி தன்னுடையதாகிவிட்டது என்று தெரிந்துகொண்டேதான் உட்கார்ந்தார். எதிரே மனைவியைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. முந்தானை ஓரத்தை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

லியோ அவளைக் கூப்பிட்டார். அவள் மைக் முன்னால் வந்து நின்றாள். ஜெனிஷா கீழேயிருந்து, பேசுங்க ஆன்ட்டி என்று சைகை காட்டினாள். அருள்நாதனுக்கு வெற்றி கசந்தது, கசந்தாலும் வெற்றி வெற்றிதான் என்றும் தோன்றியது.

“எனக்குப் பேசறதுக்கு ஒண்ணும் இல்லீங்க” என்றாள் எவாஞ்சலின். “நான் தயார் பண்ணதெல்லாம் அவரே பேசிட்டாரு. நைட் ஷிப்ட் முடிச்சுட்டு வந்து தூங்கறாரேன்னு, அடுப்பாண்ட நின்னு மெதுவாதான் பேசிப் பாத்தேன். கல்யாணம் ஆயி இருபத்தாறு வருஷம் ஆவுது. வூட்ல நான் சத்தமா சொன்னது ஒண்ணும் அவரு காதுல வுழுந்ததில்ல. மெதுவா சொன்னது வுழுந்திருக்கு. எனக்கு அது போதுங்க.”

வணக்கம் சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்துவிட்டாள்.

நைட் ஷிப்ட் பார்க்காத வீடு அந்தக் கூட்டத்தில் ஒன்றுகூடக் கிடையாது. பகலில் திரை போட்டுத் தூங்குகிற மனுஷனுக்கு அடுப்படிப் பேச்சு எப்படிக் கேட்டது என்பது எல்லோருக்கும் ஒரே சமயத்தில் விளங்கியது. முதலில் பெண்கள் சிரித்தார்கள். அப்புறம் ஆண்கள், தங்கள் மனைவிமாரை ஒரு பார்வை பார்த்துக்கொண்டே சிரித்தார்கள். பின்வரிசையில் எழுந்து நின்று தட்டினார்கள். அருள்நாதனும் தட்டினார். தட்டாமல் இருந்தால் இன்னும் கேவலம்.

லியோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு தீர்ப்புக்கு வந்தார். தூங்குகிறவனை எழுப்பலாம், தூங்குகிற மாதிரி நடிக்கிறவனை எழுப்ப முடியாது என்பார்கள், இங்கே ஒருவர் ஒரு வாரமாய் நடித்திருக்கிறார் என்றார். நடிப்பு கிரிக்கெட்டில் சேர்த்தியா, சினிமாவில் சேர்த்தியா என்று கூட்டத்தைக் கேட்டார். சினிமா என்று மைதானமே கத்தியது. ஆகவே குடும்ப நிம்மதியைக் கெடுப்பது சினிமா நட்சத்திரங்களே என்று மணியடித்தார். அருள்நாதன் அணி ஜெயித்தது. அடுத்த வருஷ நடுவர் எவாஞ்சலின் என்று, அதே மூச்சில் அதையும் சொல்லி முடித்தார்.

மேடைக்குப் பின்னால், அடுத்த நடனத்துக்குப் பிள்ளைகள் சலங்கை கட்டிக்கொண்டிருந்தார்கள். பெண்கள் எவாஞ்சலினைச் சூழ்ந்துகொண்டு கையைப் பிடித்து விடவே இல்லை. ஓர் ஓரமாக, ஜெயித்த அணித் தலைவர் தனியாக நின்றார். அவருக்கு இன்னும் எரிந்துகொண்டுதான் இருந்தது. நாற்காலி போனதுகூட அப்புறம்தான். அந்தப் பேச்சு, அந்தச் சின்னப் பேச்சு, தான் திருடிப் பேசிய அத்தனையையும்விட நன்றாக இருந்ததே என்றுதான் எரிந்தது. தான் கேட்காத நேரத்தில் அதை எப்போது தயார் செய்தாள்? அந்த வாரம் முழுக்கக் காது கொடுத்துக்கொண்டுதானே கிடந்தோம்?

பெண்கள் கூட்டம் கலைந்ததும் அவள் அருகில் வந்தாள். முகத்தில் கோபம் இல்லை. களைப்பு இருந்தது. வாழ்த்து சொல்லவேண்டும் என்றுதான் அவர் வாயைத் திறந்தார்.

“அந்தக் கடைசிப் பேச்சு, அத எப்ப தயார் பண்ண?”

“தயார் பண்ணலீங்க” என்றாள் எவாஞ்சலின். “உள்ள கெடந்துது. வந்துடுச்சு.”

எத்தனை நாளாய்க் கிடந்தது என்று அவர் கேட்கப் போனார். அதை அவள் மேடையிலேயே சொல்லியிருந்தாள்.