கடைசி நாலு

...தண்ணீராம், மூன்றாவது தடவையாக அதே தண்ணீர், போன வாரமும் தண்ணீர்தான், அதற்கு முந்தைய வாரமும்... கிருஷ்ணகிரி சர்வீஸ் சென்டர் கவுன்ட்டரில் டோக்கனைச் சுருட்டியபடி நின்ற பொற்கொடிக்குச் சிரிப்புக்கூட வந்தது. "ஈரம் பட்டா உள்ள இருக்கற ஸ்டிக்கர் செவப்பாயிடும் மேடம், வாரண்டியெல்லாம் ஆவாதுங்க," என்றான் கவுன்ட்டரில் இருந்த ராஜேஷ்குமார், கண் அதற்குள் அடுத்த டோக்கனுக்குப் போயிருந்தது. "எங்க ஊருக்குத் தண்ணியே லாரியிலதான் வருது, எங்கம்மா போனுக்குள்ள எங்கருந்துண்ணே வந்துச்சு?" பின்னால் யாரோ சிரித்தார்கள், சிரிக்கட்டும், அவர்களுக்கென்ன தெரியும்... அம்மாவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் இல்லை, கோவில்பட்டிப் பக்கம் தனியாக இருக்கிறாள், வீடியோவில் இருவர் கையும் ஆடினால்தான் பேச்சு. தீபாவளிக்கு வாங்கிக் கொடுத்த போன் நாலே மாதத்தில் இருண்டுபோய், பஸ் பார்சலில் இங்கே வந்து இருபத்திரண்டு நாள். நடுவில் ஒரே ஒரு தடவை பக்கத்து வீட்டுக் கருப்பாயி அத்தை போனில் முகம் பார்த்தது... சாப்பிட்டாயா, சரி, இரண்டு சைகையோடு முடிந்துவிட்டது, பிறத்தியார் போன் என்று அம்மாவின் கைகள் கூச்சப்பட்டன போல.

"நம்பலைன்னா நீங்களே பாருங்க," அவன் திரையைத் திருப்பினான். பிரித்து வைத்த போனின் படம், சிவந்த ஸ்டிக்கர், பக்கத்தில் பொடி எழுத்தில் சீரியல் நம்பர் லேபிள்... அவள் சிவப்பைப் பார்க்கவில்லை. போச்சம்பள்ளிக் கம்பெனியில் ஆறு வருடமாக பைனல் இன்ஸ்பெக்‌ஷன், அங்கே எந்தப் பீஸுக்கும் பெயர் அதன் கடைசி நாலு எண்தான், அந்தப் பழக்கத்தில் பஸ் டிக்கெட்டைப் பார்த்தால்கூடக் கண் கடைசி நாலுக்குத்தான் ஓடும். லேபிளில் 3806. பில்லில்? பார்க்கவே வேண்டாம், 3860. "அண்ணே, அந்தக் கடைசி நாலைக் கொஞ்சம் படிங்க." "மூணு, எட்டு, சைபர், ஆறு." "இப்ப என் பில்லைப் படிங்க." அவன் பில்லை வாங்கித் திரைக்குப் பக்கத்தில் பிடித்தான். அவளுக்கோ வாயைவிடக் கை முந்திக்கொண்டது, இரண்டு விரல் கண்ணைத் தொட்டுத் திரையை நோக்கி நீண்டது, உள்ளங்கைகள் விரிந்தன, இது வேற யாரோ போன், என் போன் எங்கே? உள்ளிருந்து வந்த மேனேஜர் இரண்டு எண்ணையும் பார்த்துவிட்டு, "ஏன்ட்ரா இதி?" என்று அவனிடம் தெலுங்கில் பல்லைக் கடித்தார். தெலுங்கு பேசும் ஓசூர் நாராயணம்மாவோடு ஆறு வருடம் ஒரே ஹாஸ்டல் அறை, 'என்னடா இது' என்பதுகூடப் புரியாமல் போகுமா? "அதையேதான் சார் நானும் மூணு வாரமா கேக்கேன்!" கூடமே சிரித்தது. அலமாரிக்கு அடியில் கிடந்த 3860-ஐ அங்கேயே பிரித்தார்கள். ஸ்டிக்கர் பச்சரிசி மாதிரி வெள்ளை.

வாரண்டியில் மாற்றிக் கொடுத்த புதுப் போன் டப்பாவை மடியில் வைத்துப் போச்சம்பள்ளி பஸ்ஸில் உட்கார்ந்ததும் உடம்பே மிதந்தது. நாளைக்குப் பார்சல், மறுநாள் அம்மா முகம்... எப்படிச் சொல்வது, வாரண்டிக்கு நம் கையில் வார்த்தையே இல்லையே, மேனேஜர் பல்லைக் கடித்ததை நடித்துக் காட்டிவிடலாம், அம்மா விழுந்து விழுந்து சிரிப்பாள்... கை தானாக எழுந்து காற்றில் ஒத்திகை பார்த்தது. எதிர் சீட்டுக்காரர் முறைத்தார். முறைக்கட்டும், இன்றைக்கு ஒரு கூடமே பார்த்ததே, கை கூசவில்லையே... அப்படியானால் அத்தை போனில் பேசிய அன்றைக்கு? இங்கே ஹாஸ்டல் அறையில் நாலு பேர், அங்கே அம்மாவின் தோளுக்குப் பின்னால் அத்தை வீட்டார் எல்லாரும் எட்டிப் பார்க்க, முதலில் கையை இறக்கிக்கொண்டது... அம்மாவா?