அலமாரிக்குப் பின்னால்

அலமாரிக்குப் பின்னாலிருந்து புறப்பட்ட குளிர், கட்டிலைச் சுற்றிக்கொண்டு, தொட்டிலை நோக்கித் தரையில் நகர்ந்து வந்துகொண்டிருந்தது. அலமாரியின் அகலம்தான் அதன் அகலம். வெள்ளைப் பாய் விரித்ததுபோல் ஓரம் பிசிறில்லாமல் இருந்தது. அதன்மேல் வைத்த தண்ணீர் கல்லாகும்; ஒரு விரல் தள்ளி வைத்தால் ஒன்றும் ஆகாது. ஹீட்டரை அதன் பக்கம் திருப்பினால் ஹீட்டர் அணைந்தது. தொட்டிலை இடம் மாற்றினார்கள், குளிரும் மறுநாளே திசை மாற்றிக்கொண்டது. வேறு அறைக்குப் போகவும் வழியில்லை. குளிர் புகாமல் பலகை அடித்திருந்தது அந்த ஓர் அறைக்குத்தான். தொட்டிலில் கிடந்தவளோ ஏழாம் மாதத்திலேயே பிறந்து, கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்து தேறி வந்தவள். சூடு குறையவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தார்.

பலகை அடித்தவர் குழந்தையின் தாத்தா, தாயைப் பெற்றவர். தொழிலில் அவருக்கு அரைநூல் என்று பெயர். இரண்டு பலகைக்கு நடுவே அரைநூல் இடைவெளி தெரிந்தாலும் பிரித்து மறுபடி அடிப்பார். முன்பக்கம் ஜிப்சம், பின்பக்கம் கனத்த நுரை ஒட்டிய பலகைகள் அவை. நுரை ஓரிடத்தில் விட்டுப்போனாலும் மொத்தக் குளிரும் அந்த வழியாகத்தான் வரும் என்று அவர் சொல்லிச் சொல்லிக் கேட்டவர்களுக்குக் காது புளித்துப்போயிருந்தது. அப்பேர்ப்பட்ட மனிதர் அலமாரிக்குப் பின்னால் மட்டும் சுவரை மொட்டையாக விட்டு, அலமாரியின் ஓரங்களோடு பலகையை நிறுத்தியிருந்தார். காரணம் வெட்கக்கேடு. அலமாரியை நகர்த்த இன்னொரு ஆள் வேண்டும். வீட்டிலிருந்த இன்னொரு ஆள் மாப்பிள்ளை. கல்யாணமான புதிதில், மாமனார் பூசிய சுவரில் ரசமட்டத்தை வைத்துப் பார்த்து, கொஞ்சம் சாய்ந்திருக்கிறதே என்று விளையாட்டாகச் சொல்லிவிட்டவர். அன்றைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்ட அரைநூல், ஒரே மேஜையில் சாப்பிட்டாலும் உப்பை மகளிடம்தான் கேட்பார்.

குளிர் தொட்டிலின் காலைத் தொட்ட அன்று குழந்தையின் உதடு நீலம் பாரித்தது. மகள் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

"அப்பா, அலமாரிக்குப் பின்னாடி அடிச்சீங்களா, இல்லையா?"

அரைநூல் வாசற்படியில் நின்ற மாப்பிள்ளையைப் பார்த்தார்.

"மாப்பிள்ளை, அந்தப் பக்கம் கொஞ்சம் பிடிங்க."

மாப்பிள்ளை சட்டைக் கையை மடித்தார்.

அலமாரி நகர்ந்ததும், வீடு கட்டிய நாளிலிருந்து வழி பார்த்துக் காத்திருந்த பழைய குளிர்காலங்களெல்லாம் முண்டியடித்துக்கொண்டு வந்தன. அரைநூல் சுவரின் நான்கு ஓரமும் விடாமல் பசை இழுத்துப் பலகையை அழுத்தினார். பதற்றத்தில் ஒரு பக்கம் விரலளவு குறைத்து வெட்டியிருந்தார். பாவி மனிதர், அதுவும் அன்றைக்கென்று பார்த்து. இடுக்கில், உப்பி இறுகும் டப்பா நுரையைப் பீய்ச்சினால் குளிர் அதை வெளியே தள்ளியது. மாப்பிள்ளை தன் உள்ளங்கையை வைத்து அடைத்துக்கொண்டார்.

"கை போயிடும், எடுங்க."

"நீங்க வேலையைப் பாருங்க மாமா."

நுரை உப்பி இறுகியபோது அந்தக் கை சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. அரைநூல் அதைத் தன் இரு கைகளுக்குள் வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தார். அவருக்குக் கண் கலங்கியது. அதற்குள் குழந்தை வீல் என்று அழுதது, உதடு சிவந்திருந்தது.

உள்ளே வந்துவிட்ட குளிருக்குத் திரும்பிப் போக வழி இல்லாமல் போயிற்று. அது சமையலறை மூலைக்கு நகர்ந்து, தட்டளவு சுருங்கி, அங்கேயே தங்கிவிட்டது. யாரும் விரட்டவில்லை. வெயில் நாட்களில் பாலை அதன்மேல் வைக்கிறார்கள். மாமனாரும் மாப்பிள்ளையும் இப்போதும் அதிகம் பேசுவதில்லை. ஆனால் ஒருவர் எதையாவது தூக்கக் குனிந்தால் மற்றவர் கூப்பிடாமலே வந்து மறுமுனையைப் பிடிக்கிறார். நடக்கத் தொடங்கிவிட்ட பேத்தி அந்த மூலைக்குப் போனால் "தள்ளு" என்கிறாள். குளிர் நகர்ந்து வழிவிடுகிறது.