மூன்று தையல்காரர்களின் குறை நோட்டு

எங்கள் ஊரில் ஒன்றைப் பாராட்ட வேண்டுமென்றால் "மோசமில்லை" என்போம். அதற்கு மேல் சொல் கிடையாது. என் கல்யாணத்தன்று ஜீன் வெள்ளை கவுனில் வந்து நின்றபோது நான் அதைத்தான் சொன்னேன். அவள் அம்மாவுக்கு ஆனந்தத்தில் கண் கலங்கிவிட்டது. இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் ஹாக்ஸ்லி என்கிற இந்தச் சின்ன ஊரில் நாக்கு அப்படி வளர்ந்திருக்கிறது. திட்டுவதற்கு மட்டும் அது எந்தப் பக்கமும் சுலபமாகப் புரளும்.

எங்கள் தெருமுனை பப்பின் பெயர் மூன்று தையல்காரர்கள். கவுன்டருக்குப் பக்கத்தில், ஆணியில், நூல் கட்டிய பென்சிலோடு ஒரு தடித்த நோட்டு தொங்கும். குறை நோட்டு. 1976இல் யாரோ மாட்டியது. நிறைகளை எழுதக் கூடாது என்று விதி எதுவும் இல்லை. எழுத யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

முதல் பக்கமே இப்படித்தான் ஆரம்பிக்கும்: "பீர் வெதுவெதுப்பாக இருக்கிறது. பெயர் போட மாட்டேன், நாளைக்கும் வர வேண்டியிருக்கிறது." 1984இல் ஒருவர்: "கணப்புக்குப் பக்கத்து நாற்காலியில் நாய் படுத்திருக்கிறது. நாய்க்குக் கிடைக்கும் மரியாதையில் பாதி கொடுத்தால்கூடப் போதும்." மார்லீன் வந்து பப்பை எடுத்து நடத்த ஆரம்பித்த வருடம்: "புது முதலாளியம்மா சிரித்த முகமாக இருக்கிறாள். என்னத்தை மறைக்கிறாளோ." பப்புக்குள் புகைபிடிக்கக் கூடாது என்று சட்டம் வந்த வாரத்தில்: "புகை போன பிறகுதான் தெரிகிறது, இத்தனை வருடம் நாறியது ரெஜ் என்று."

கடைசியாகச் சொன்னது நான் எழுதியது; ரெஜ் எப்போதும் என் பக்கத்து நாற்காலிக்காரன். அந்த நோட்டில் பாதிக்கு மேல் என்னுடையதுதான். முப்பத்தொரு வருடம் தபால்காரனாக ஊரார் எழுதியதைச் சுமந்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகு என் எழுத்துக்கும் நாலு பேர் கிடைத்தார்கள். வெள்ளிக்கிழமைதோறும் மார்லீன் நோட்டை எடுத்து, வாரத்தில் விழுந்த குறைகளை உரக்கப் படிப்பாள். "மார்லீனின் கிரேவி கூரை ஓட்டையை அடைக்க உதவும்" என்று படித்துவிட்டு என் பக்கம் ஒரு பார்வை பார்ப்பாள். பப் குலுங்கும். அந்தச் சிரிப்புக்காகத்தான் எழுதினேன். அவளும் சிரித்தாள். நான் கவனித்தவரை சிரித்தாள்.

2011 நவம்பரில் ஜீன் செத்துப்போனாள். எனக்கு முட்டைகூட வேகவைக்கத் தெரியாது. அடக்கம் முடிந்த மறுநாள் சாயங்காலம் ஆறு மணிக்கு மார்லீன் ஒரு தட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். இறைச்சி, உருளைக்கிழங்கு, கேரட். நான் கேட்கவில்லை, அவளும் எதுவும் சொல்லவில்லை. நான் வராத அன்று தெருவைக் கடந்து வந்து கதவைத் தட்டி, "ஆறிப்போகுது" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பினாள். நாலு மாதம் நடந்தது இது. அந்தத் தட்டு இல்லாவிட்டால் நான் ஜீன் பின்னாலேயே போயிருப்பேன். இதற்கு நன்றியாக நான் நோட்டில் எழுதியது: "கேரட் வேகவில்லை. தினமும்."

அவளுக்குப் புரியும் என்று நினைத்தேன்.

பப் கட்டடம் ஒரு கம்பெனிக்குச் சொந்தம். மார்லீன் வாடகைக்கு நடத்துகிறவள், மாடியிலேயே குடியிருந்தாள். போன வருடம் அதை ஆறு ஃபிளாட்டாக மாற்றக் கம்பெனி நகர மன்றத்தில் அனுமதி கேட்டது. அனுமதி கிடைத்துவிட்டால் மார்லீனுக்குத் தொழிலும் போகும், வீடும் போகும். அறுபத்து மூன்று வயதில் இன்னொரு பப்பை யாரும் கொடுக்கப் போவதில்லை. ஊர்க்காரர்களுக்கு அந்த இடம் எவ்வளவு தேவை என்று ஆதாரத்தோடு காட்டினால் மன்றம் மறுக்கலாம் என்றார்கள்.

ஆதாரத்தைக் கண்டுபிடித்தவன் ரெஜ். நாற்பது வருடம் ஊரெல்லாம் குழாய் பழுது பார்த்தவன், அடைப்பு எங்கே என்று தனக்குத்தான் தெரியும் என்று நினைப்பு.

"நோட்டைக் குடுத்துருவோம். நாப்பது வருஷத்துக்கு மேல ஜனங்க விடாம வந்துருக்காங்க. இதைவிட என்ன சாட்சி வேணும்?"

"அதை மட்டும் குடுக்காதீங்க," என்றாள் மார்லீன்.

"ஏன், உன் கிரேவி வெளிய தெரிஞ்சிரும்னு பயமா?"

"படிக்கப் போறவங்க நம்ம ஊர்க்காரங்க இல்ல ரெஜ். எழுதியிருக்கிறதை எழுதியிருக்கிற மாதிரிதான் படிப்பாங்க."

"டெரிக், நீ சொல்லுய்யா."

நான் தடுத்திருக்கலாம். ஆனால் என் எழுத்து நகர மன்ற ஆவணத்தில் ஏறப்போகிறது என்பது எனக்குள் கிச்சுகிச்சு மூட்டியது. "குடுக்கலாம்," என்றேன். "டெரிக் ஓல்ட்ராய்ட்ங்கிற பேரு மட்டும் தெளிவாத் தெரியணும்."

மார்லீன் கவுன்டரைத் துடைக்கப் போனாள்.

செவ்வாய்க்கிழமை காலை, மன்றக் கூடம். மேடையில் பதினொரு உறுப்பினர்கள். பாதிப் பேர் பக்கத்து ஊர்க்காரர்கள், மீதிப் பேர் குடியேறி வந்தவர்கள். கம்பெனியின் வக்கீல் ஒல்லியான பெண், சளி பிடித்த குரல். தன் பக்கத்துக்கு அவள் ஒரு காகிதம்கூடக் கொண்டுவரவில்லை. எங்கள் நோட்டையே திறந்தாள்.

"வாடிக்கையாளர்களின் கருத்துகளையே படிக்கிறேன்," என்று தொடங்கினாள். கிரேவியைப் படித்தாள், நாயைப் படித்தாள். கூடத்தில் சிரிப்பு கிளம்பியது. ரெஜ் நாறியதைப் படித்தபோது மன்றத் தலைவியே வாயைப் பொத்திக்கொண்டார். நான் வெட்கமில்லாமல் சொல்கிறேன், எனக்குப் பெருமையாக இருந்தது. முன்னும் பின்னும் திரும்பி, எழுதியது நான்தான் என்று ஜாடை காட்டினேன்.

"2011, டிசம்பர்," என்றாள் வக்கீல். "'கேரட் வேகவில்லை. தினமும்.' தினமும் என்பதை உறுப்பினர்கள் கவனிக்க வேண்டும்."

மறுபடி சிரிப்பு. நான் மார்லீனைப் பார்த்தேன். முன் வரிசையில் நல்ல கோட்டு போட்டு உட்கார்ந்திருந்தாள். அவள் சிரிக்கவில்லை. ஜாடை காட்டிய கையைக் கீழே இறக்கினேன்.

அடுத்துப் பேச வேண்டியவன் நான். மூன்று நிமிடம் கொடுத்திருந்தார்கள். மைக் முன்னால் போய் நின்றேன்.

"திரு. ஓல்ட்ராய்ட், இதெல்லாம் நீங்க எழுதினதுதானே?" என்றார் தலைவி. "இந்த இடத்தைப் பத்தி உங்க அபிப்பிராயம் என்ன? உங்க வாயாலயே சொல்லுங்க."

சொல்ல வேண்டியது எனக்குத் தெரியும். பெண்டாட்டி செத்தபோது இவள் எனக்குச் சோறு போட்டாள். இந்தக் கதவு மூடியிருந்தால் நான் உயிரோடு இருந்திருக்க மாட்டேன். இரண்டே வாக்கியம். வாய்வரை வந்தது. திரும்பிப் பார்த்தால் ரெஜ், அவன் பின்னால் ஊர் மொத்தமும், எல்லோரும் சிரிக்கத் தயாராக உதட்டை வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். அவர்கள் முன்னால் என் தொண்டை கரகரத்துவிடுமோ என்று பயந்தேன். அவ்வளவுதான் காரணம், பெரிதாக ஒன்றுமில்லை.

"கேரட்டு இன்னும் வேகல," என்றேன்.

கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி சிரித்தார்கள். என் வாழ்நாளில் அத்தனை பேரை நான் சிரிக்கவைத்ததில்லை. அது அடங்குவதற்குள் நான் என் இடத்தில் வந்து உட்கார்ந்துவிட்டேன்.

ஆறுக்கு ஐந்து என்று கம்பெனி ஜெயித்தது. "அங்கே வருகிறவர்களுக்கே அந்த இடத்தின் மேல் பெரிய பற்று இருப்பதாகத் தெரியவில்லை" என்று தீர்மானத்தில் எழுதினார்கள்.

வெளியே படிக்கட்டில் மார்லீன் கையுறையை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"மூணு நிமிஷம் குடுத்தாங்க டெரிக்," என்றாள். "உனக்கு ரெண்டு செகண்டு போதுமா இருந்துச்சு."

"உனக்குத் தெரியும்னு நெனச்சேன், மார்லீன்."

"எனக்குத் தெரியும். அந்தப் பதினொரு பேருக்கு யார் சொல்றது?" கோட்டுப் பொத்தானைப் போட்டாள். "எனக்குமே ஒரு தடவை காதால கேக்கணும்னு இருந்துச்சு. நான் இங்க வந்து இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. இன்னிக்காவது நீ சொல்லுவேன்னு நெனச்சுத்தான் இந்தக் கோட்டைப் போட்டுட்டு வந்தேன்."

ரெஜ் பின்னாலிருந்து, "கூட்டம் மோசமில்லை," என்றான். அவனை அறைய வேண்டும் போலிருந்தது. அவனை அறைவதற்கு எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

ஏப்ரலில் அவள் சாமான்களை ஏற்றிக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனாள். நான் ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று பார்த்தேன். ஒரு பெட்டியைத் தூக்கிக் கொடுக்கக்கூட வெளியே போகவில்லை.

அக்டோபரில் ரெஜ் டூலிப் கிழங்கு வாங்க வேண்டுமென்று என்னைப் பைபாஸ் ரோட்டில் இருக்கிற பெரிய செடி நர்சரிக்கு இழுத்துப்போனான். அதற்குள்ளேயே ஒரு சாப்பாட்டுக் கடை. அவன் கிழங்குகளைப் பொறுக்கிக்கொண்டிருக்க, நான் உட்கார்ந்து மாட்டிறைச்சியும், அதோடு தின்கிற, மாவில் சுட்ட யார்க்‌ஷயர் புட்டிங்கும் கேட்டேன். வந்த புட்டிங் ரப்பர் மாதிரி இருந்தது. பாதி தின்றபோது பச்சை ஏப்ரன் கட்டிய ஒருத்தி மேஜை மேஜையாகக் கேட்டுக்கொண்டு வந்தாள். மார்லீன்.

என்னைக் கண்டதும் ஒரு கணம் நின்றாள். பிறகு எல்லா மேஜையிலும் கேட்டதையே கேட்டாள்.

"எல்லாம் சரியா இருக்கா?"

முள்கரண்டியைக் கீழே வைத்தேன். ஆறு மாதமாக வாய்க்குள்ளேயே வைத்திருந்தது தானாக வெளியே வந்தது.

"ரொம்ப நல்லா இருக்கு, மார்லீன். இந்த மாதிரி நான் எங்கயும் சாப்பிட்டதில்ல."

அவள் என் தட்டைப் பார்த்தாள்.

"அது ஃப்ரீசர் பாக்கெட்டு, டெரிக். மெஷின்ல ரெண்டு நிமிஷம். நான் கையால தொடக்கூட இல்ல."

அடுத்த மேஜைக்குப் போய், "எல்லாம் சரியா இருக்கா?" என்று கேட்டாள். அங்கே உட்கார்ந்திருந்த பெண் பிரமாதம் என்றாள். நான் மிச்சத்தை ஒரு துணுக்கு விடாமல் தின்று முடித்தேன்.